45 சதவீதம் வாங்கியும் ஏன் தோத்தாரு? மாலத்தீவு ரெண்டாம் ரவுண்டு கத

தம்பி கேட்ட கேள்விய முதல்ல அப்படியே போட்டுடுகேன். "சார், 2013ல மாலத்தீவுல நஷீத் 45 சதவீதம் வாங்கி முதலாவது வந்தாரு, ரெண்டாவது வந்த யாமீனுக்கு வெறும் 25. இருபது சதவீதம் வித்தியாசம். அப்புறம் எப்படி யாமீன் ஜனாதிபதி ஆனாரு, கள்ள வோட்டா? ரெண்டாம் ரவுண்டு பிரச்சாரம்னா அங்க என்னதான் நடக்கும்? எனக்க அக்கா இப்பம் அங்க ஒரு தீவுல நர்ஸ், அதான் கேக்கேன்."

களியக்காவிளைல சாயாக்கடைல உக்காந்து இத பேசினா ஒரே வரில முடிஞ்சிரும், "அங்க எல்லாம் காசு தான்"னு ஒருத்தர் சொல்லுவாரு, எல்லாரும் தலையாட்டுவாங்க. நான் அங்க ஒரு சின்ன தீவு ஸ்கூல்ல கணக்கு வாத்தியாரா இருந்த ஆளு, 2013 செப்டம்பர்லயும் அங்க தான் கெடந்தேன், அதனால கொஞ்சம் நீட்டி தான் சொல்லணும். நம்ம குழித்துறை, பாறசாலை பக்கம் மாலத்தீவுல வாத்தியார் வேல பாத்துட்டு வந்தவங்க நெறய பேரு இருக்காங்க, அவங்ககிட்டயும் கேட்டுப் பாருங்க.

கள்ள வோட்டு கத இல்ல. மூணாவது வந்தவருக்க கத.

அந்த நாட்டுக்க அளவ மொதல்ல மனசுல வாங்கிக்கணும். 2013ல மொத்த வாக்காளர் 2.39 லட்சம் பக்கம். நம்ம ஊர்ல ஒரு எம்எல்ஏ தொகுதில இருக்குற வோட்டு, அவ்வளவு தான். ஆனா அந்த ஒரு தொகுதிய எடுத்து கிட்டத்தட்ட 190 தீவுல தூவி விட்டா எப்படி இருக்கும், அதான் மாலத்தீவு. தலைநகர் மாலேய விட்டா, முன்னூறு நானூறு வோட்டு உள்ள தீவு தான் நெறய. அங்கயும் நம்ம ஊரு மாதிரி ஆள வீட்டுப்பேர வச்சு தான் சொல்லுவாங்க, வோட்டர் லிஸ்ட்லயும் வீட்டுப்பேரு தான் கெடக்கும். அப்பம் மஞ்ச கொடி நஷீதுக்க எம்டிபி கட்சி, ரோஸ் கொடி யாமீனுக்க பிபிஎம் கட்சி, சிவப்பு கொடி காசிம் இப்ராஹீமுக்க ஜும்ஹூரீ கட்சி. எந்த வீடு மஞ்ச, எந்த வீடு ரோஸ், எந்த வீட்ல அண்ணன் ஒரு கலர் தம்பி ஒரு கலர், எல்லாம் எல்லாருக்கும் தெரியும். ரகசிய வாக்கெடுப்புனு சட்டத்துல இருக்கு, தீவுல ரகசியம்னு ஒண்ணும் கெடையாது.

சட்டம் என்னன்னா, 2008ல வந்த புது அரசியலமைப்புப்படி ஜனாதிபதிக்கு பாதிக்கு மேல வோட்டு வேணும். யாருக்கும் அது வரலைன்னா முதல் ரெண்டு பேரு மட்டும் 21 நாளுக்குள்ள மறுபடி மோதணும். நம்ம ஊர்ல ஒருத்தன் 35 சதவீதம் வாங்கினாலும் எம்எல்ஏ ஆயிருவான், மிச்சம் 65 பேரு வேண்டாம்னு சொன்னது எங்கயும் எழுதப்படாது. அதனால தான் நமக்கு "முதலாவது வந்தா ஜெயிச்ச மாதிரி தான"ன்னு தோணுது. ரெண்டாம் ரவுண்டு நாட்டுல முதலாவது வர்றதுக்கு பலன் ஒண்ணே ஒண்ணு தான், அடுத்த ரவுண்டுக்கு டிக்கெட். அந்த டிக்கெட் ரெண்டாவது வந்தவருக்கும் கெடைக்கும். ரெண்டும் ஒரே டிக்கெட்.

இப்பம் செப்டம்பர் 7 ராத்திரிக்கு வாங்க. ரிசல்ட் வந்துச்சு. நஷீத் 95,224. யாமீன் 53,099. காசிம் 50,422. அப்பம் ஜனாதிபதியா இருந்த வஹீதுக்கு வெறும் 10,750, அஞ்சு சதவீதம், பதவில இருந்த மனுசன். எங்க தீவுல மஞ்ச கொடிக்காரங்க மோட்டார் சைக்கிள்ல தீவ சுத்தி சுத்தி வந்தாங்க, தீவே பத்து நிமிஷத்துல சுத்தி முடிஞ்சிரும், அதனால ஒரே ஆளு இருவது தடவ எனக்க வாசல தாண்டி போனான். நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் ரோஸ் கட்சி. அவரு கொண்டாடவும் இல்ல, அழவும் இல்ல. மறுநாள் காலைல மஸ்ஹுனியும் (தேங்காயும் மீனும் பிசைஞ்சது) ரொட்டியும் தின்னுட்டு, அந்த கயிறு பின்னின ஜோலி நாற்காலில சாஞ்சுக்கிட்டு, ஒரு நோட்புக்க எடுத்து வீட்டுப்பேரா எழுத ஆரம்பிச்சாரு. ரோஸ் வீடுகளும் இல்ல, மஞ்ச வீடுகளும் இல்ல. சிவப்பு வீடுகள் மட்டும்.

ரெண்டாம் ரவுண்டு பிரச்சாரம் அப்படித்தான் தொடங்கும் தம்பி. மேடை, மைக், பேரணி எல்லாம் அப்புறம். நேத்து வரைக்கும் ஒரு சாயா வாங்கி குடுக்க ஆள் இல்லாம இருந்த சிவப்பு கட்சிக்காரன் வீட்டுக்கு இன்னைக்கு ரெண்டு கட்சிக்காரனும் வந்து நிப்பான். உனக்க பையனுக்கு மாலேல படிக்க இடம் வேணுமா, உனக்க அம்மாவ திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்கு அனுப்பணுமா, அந்த ரேஞ்சுல பேச்சு போகும். மேல லெவல்ல இதே பேச்சு தான், ஆனா அங்க மந்திரி பதவி, பார்லிமென்ட் சீட்டு.

இதுல பெரிய வேடிக்கை என்னன்னா நஷீதே இந்த கணக்கால தான் முதல்ல ஜனாதிபதி ஆனவரு. 2008 அக்டோபர் 8, அந்த நாட்டுல பல கட்சி போட்டியிட்ட முதல் ஜனாதிபதி தேர்தல். முப்பது வருஷமா ஆண்ட கயூம் 40 சதவீதம் வாங்கி முதலாவது, நஷீத் 25 சதவீதத்துக்கு கொஞ்சம் கொறவா ரெண்டாவது. மூணாவது ஹசன் சயீத், நாலாவது இதே காசிம். அந்த ரெண்டு பேரும் நஷீத் பக்கம் சாஞ்சாங்க. அக்டோபர் 28ல நஷீத் 97,222, கயூம் 82,121. முடிஞ்சு போச்சு, கயூமும் தோல்விய ஒத்துக்கிட்டு எறங்கிட்டாரு, அத பெரிய விஷயமா எல்லாரும் பேசினாங்க. ஆக, 2008ல 25 சதவீதத்துல இருந்து ஜெயிச்ச மனுசன் தான் 2013ல 45 சதவீதத்துல இருந்து தோத்தாரு.

2008ல சேந்த கூட்டு எத்தன நாள் நின்னுச்சுன்னு கேளுங்க. காசிம உள்துறை மந்திரி ஆக்கினாங்க, மூணு வாரம் தான் இருந்தாரு, ராஜினாமா. ஹசன் சயீத் ஆலோசகர் பதவிய விட்டுட்டு சில மாசத்துலயே வெளிய போயிட்டாரு. மூணாவது ஆளு உங்களுக்கு வோட்டு போடுறது உங்கள புடிச்சு இல்ல, எதிர்ல நிக்கிறவர புடிக்காம. அந்த எதிராளி தோத்த மறுநாளே அந்த காரணம் செத்துப் போகுது. அதுக்கு மேல, 2010ல நஷீத் அரசாங்கம் எம்பிகளுக்கு லஞ்சம் குடுத்ததா சொல்லி காசிமையும் யாமீனையும் புடிச்சு வச்சுச்சு. ரெண்டு பேரையும். 2013ல ரெண்டாவது வந்தவரும் மூணாவது வந்தவரும் முதலாவது வந்தவரோட ஆட்சில கம்பி எண்ணின ஆளுங்க. இந்த ஒரு விஷயத்த தெரிஞ்சிருந்தா 45 சதவீதம் பாத்து யாரும் ஏமாந்திருக்க மாட்டாங்க.

2012 பெப்ரவரில நடந்தது வேற. நீதிபதி ஒருத்தர ராணுவத்த விட்டு புடிச்சதுல ஆரம்பிச்சு, தெருவுல போராட்டம், போலீஸ்ல ஒரு பகுதியே எதிர்த்து நின்னு, 7ஆம் தேதி நஷீத் ராஜினாமா, துணை ஜனாதிபதியா இருந்த வஹீத் ஜனாதிபதி ஆனாரு. துப்பாக்கி முனைல எழுதி வாங்கினாங்கன்னு அவரு சொன்னாரு, அப்படி இல்லன்னு விசாரணை கமிஷன் சொல்லிச்சு. அத நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன், ஆனா போலீஸும் கோர்ட்டும் ஒரு பக்கம் சாஞ்சு நின்ன நாட்டுல தான் 2013 தேர்தல் நடந்துச்சுங்கறத மறக்கப்படாது. அடுத்து சொல்லப்போற கூத்து அதனால தான்.

செப்டம்பர் 28 ரெண்டாம் ரவுண்டுன்னு தேதி வச்சாச்சு. கரெக்டா 21 நாள். காசிம், அதான் 2,677 வோட்டுல ரெண்டாம் இடத்த விட்டவரு, சுப்ரீம் கோர்ட்டுக்கு போயிட்டாரு, செத்தவன் வோட்டு, சின்னப்பய வோட்டு எல்லாம் இருக்குன்னு. 23ஆம் தேதி கோர்ட்டு ஸ்டே. தேர்தல் கமிஷன் நடத்தியே தீருவோம்னு சொல்லி பாத்துச்சு, போலீஸ் வந்து நின்னுட்டான். அக்டோபர் 7ல நாலுக்கு மூணுன்னு தீர்ப்பு, முதல் ரவுண்டே செல்லாது. ஆதாரம் ஒரு ரகசிய போலீஸ் ரிப்போர்ட், அதுல 5,623 வோட்டு சரியில்லன்னு இருந்துச்சாம். நாட்டுக்குள்ளயும் வெளியயும் வந்து பாத்த பார்வையாளருங்க தேர்தல் நல்லா நடந்துச்சுன்னு சொல்லியிருந்தாங்க, அத யாரு கேட்டா.

மறுபடி அக்டோபர் 19. காலைல ஸ்கூல்ல பூத்துக்கு பெஞ்செல்லாம் போட்டு வச்சிருந்தோம், ரேடியோல சொல்றான் போலீஸ் தடுத்துட்டான்னு. காரணம், வோட்டர் லிஸ்ட்ல எல்லா வேட்பாளரும் கையெழுத்து போடணும்னு கோர்ட்டு சொல்லியிருக்கு, யாமீனும் காசிமும் போடல. அதாவது யாரு தோப்போம்னு பயந்தாலும் கையெழுத்து போடாம தேர்தல நிறுத்திரலாம். இந்த நிபந்தனைய எழுதினவரு கணக்கு பரீட்சைல எனக்கிட்ட வந்திருந்தா பாஸாகியிருக்க மாட்டாரு.

ஒரு வழியா நவம்பர் 9 நடந்துச்சு. நஷீத் 96,764, யாமீன் 61,278, காசிம் 48,131. மறுநாளே, ஆமா மறுநாளே, 10ஆம் தேதி ரெண்டாம் ரவுண்டுன்னு முன்னாடியே பேசி வச்சிருந்தாங்க, ஏன்னா 11ஆம் தேதியோட ஜனாதிபதி பதவிக்காலம் முடியுது. வோட்டு தொடங்க சில மணி நேரம் இருக்கும்போது கோர்ட்டு மறுபடி நிறுத்திச்சு, 16ஆம் தேதிக்கு தள்ளி. யாமீன் பக்கம் கேட்டது என்னன்னா, ஆள் சேக்க டைம் வேணும்னு. வஹீத் பதவிக்காலம் முடிஞ்ச பொறவும் நாற்காலில உக்காந்திருந்தாரு.

எனக்க கணக்குல தேர்தலே அந்த ஆறு நாள் தான். 10ஆம் தேதியே நடந்திருந்தா சிவப்பு வீடுகளுக்கு அவங்க தலைவர் என்ன சொல்றாருன்னே தெரியாம பாதி பேரு வீட்ல இருந்திருப்பான், நஷீதுக்கு இன்னும் வேண்டியிருந்தது வெறும் மூணு சதவீதம். ஆறு நாள் கெடச்சதும் யாமீனோட அண்ணன் முறை, அதே பழைய கயூம், காசிம்கிட்ட போய் பேசினாரு, காசிம் யாமீனுக்கு ஆதரவுன்னு சொன்னாரு. 2008ல கயூம தோக்கடிக்க சேந்தவரு 2013ல கயூம் பேச்ச கேட்டு சேந்தாரு, இதுக்கு மேல நான் என்னத்த சொல்ல.

16ஆம் தேதி ரிசல்ட், யாமீன் 1,11,203, நஷீத் 1,05,181. கொஞ்சம் கணக்கு போடுங்க. ஒரே வாரத்துல யாமீனுக்கு ஏறினது 49,925. காசிம் விட்டுட்டு போனது 48,131. கிட்டத்தட்ட அப்படியே தூக்கி வச்ச மாதிரி இல்ல? ஆனா அப்படியே இல்ல, ஏன்னா ரெண்டாவது தடவ புதுசா பத்தாயிரத்து சொச்சம் பேரு வந்து வோட்டு போட்டாங்க, நஷீதுக்கும் 8,417 ஏறிச்சு. எந்த சிவப்பு வீடு எங்க போச்சு, புதுசா வந்தவன் யாருக்கு போட்டான்னு வெறும் கூட்டல் கழித்தல வச்சு சொல்ல முடியாது. ஆனா பெரும்பகுதி எங்க போச்சுன்னு தெரியும். எங்க தீவுல எனக்க வீட்டுக்காரருக்க நோட்புக்குல ரெண்டே வீடு தான் தப்பாச்சாம், அவரே சொன்னாரு, அந்த ரெண்டு வீட்லயும் பொம்பளைங்க பேச்சு தான் செல்லும்னு ஒரு விளக்கமும் குடுத்தாரு.

நடுவுல ஒரு சின்ன விஷயம், சொல்லாம போக மனசில்ல. 2013 முதல் ரவுண்டுக்கு முன்னாடி குரைதூ தீவுல பூத்துக்கு பக்கத்துல ஒரு இளநீ கெடந்துச்சு, மேல ஏதோ ஓதி எழுதியிருக்கு, செய்வினை வச்சு வோட்ட திருப்ப பாக்கான்னு புகார், போலீஸ் அந்த இளநீய கஸ்டடில எடுத்துட்டான். ஓதத் தெரிஞ்ச ஒரு ஆள கூட்டி வந்து பாத்தா, இது சும்மா இளநீ தான்னு சொல்லிட்டாரு. உலகம் பூரா சிரிச்சாங்க. நான் சிரிக்கல, நம்ம பக்கத்துல எலெக்ஷனுக்கு முந்தின ராத்திரி யாரு வீட்டு வாசல்ல என்ன கெடந்துச்சுன்னு எனக்கும் தெரியும்.

இது மாலத்தீவு மட்டும் கூத்துன்னு நெனைக்காதீங்க. மேற்கு ஆப்பிரிக்கால கினியா, 2010. முதல் ரவுண்டு ஜூன் 27, டியாலோ 43 சதவீதத்துக்கு மேல, ஆல்ஃபா கொண்டே 18 சதவீதம். ரெண்டாம் ரவுண்டு தள்ளி தள்ளி நவம்பர் 7க்கு போச்சு, நாலு மாசத்துக்கு மேல. ஜெயிச்சது யாரு? 18 சதவீதக்காரர், 52 வாங்கி. அதே வருஷம் பக்கத்துல ஐவரி கோஸ்ட்ல 25 சதவீதம் வாங்கி மூணாவது வந்த பெடியே, ரெண்டாவது வந்த வட்டாரா பக்கம் போனாரு, தேர்தல் கமிஷன் வட்டாரா 54 சதவீதம்னு சொல்லிச்சு, அரசியலமைப்பு கவுன்சில் வடக்குல பல பகுதி வோட்ட ரத்து பண்ணிட்டு பதவில இருந்த பாக்போ தான் ஜெயிச்சாருன்னு சொல்லிச்சு. ஒரு நாட்டுக்கு ரெண்டு ஜனாதிபதி, நாலஞ்சு மாசத்துல மூவாயிரம் பேரு பக்கம் செத்தாங்க. மாலத்தீவுல அந்த அளவு போகாததுக்கு ஒரு காரணம் நஷீத் அன்னைக்கு ராத்திரியே தோல்விய ஒத்துக்கிட்டது. அந்த மனுசன் மேல எனக்கு ஆயிரம் குறை உண்டு, அந்த ராத்திரிக்கு மட்டும் ஒரு மரியாதை உண்டு.

நீங்க கேக்கலாம், அப்பம் இந்த ரெண்டாம் ரவுண்டே எதுக்குன்னு. இலங்கைல வேற வழி வச்சிருக்கான், ஒரே சீட்டுல 1, 2, 3 போடலாம். 2024 ஜனாதிபதி தேர்தல்ல அனுர குமார திசாநாயக்க 42 சதவீதத்துல நின்னப்போ மறுபடி யாரையும் பூத்துக்கு கூப்பிடல, மத்தவங்க சீட்டுல இருந்த ரெண்டாவது மூணாவது விருப்பத்த எண்ணி அன்னைக்கே முடிச்சுட்டான். இடைவெளி கெடையாது, பேரம் பேச, ஸ்டே வாங்க, கையெழுத்து போடாம இழுக்க டைமே கெடையாது. ஆனா அங்க பெரும்பாலான ஆளுங்க 1 மட்டும் போட்டுட்டு போயிருவாங்க, அதனால அதுவும் முழுசா வேல செய்யல. எனக்கு கேட்டா, கோர்ட்டயும் போலீஸயும் எல்லாரும் நம்புற நாட்டுக்கு ரெண்டாம் ரவுண்டு நல்லது, யோசிக்க மூணு வாரம் கெடைக்கும். அது ரெண்டும் ஒருத்தர் கைல இருக்குற நாட்டுல அந்த மூணு வாரம் தான் திருட வசதியான நேரம்.

பொறவு நடந்தது சுருக்கமா. யாமீன் ஆட்சில நஷீத் 2015ல 13 வருஷ தண்டனைல உள்ள போனாரு. காசிம் அடுத்த வருஷமே கூட்டணிய விட்டு வெளிய, 2017ல அவருக்கும் தண்டனை. 2018 பெப்ரவரில சொந்த அண்ணன் முறை கயூமையே புடிச்சு உள்ள வச்சாரு. அதுல எல்லாரும் பாடம் படிச்சு 2018ல ஒரே ஆளா சோலிஹ நிறுத்தி முதல் ரவுண்டுலயே 58 சதவீதத்துல முடிச்சாங்க.

2023ல மறுபடி ரெண்டாம் ரவுண்டு. செப்டம்பர் 9ல முயிசு 46 சதவீதம், பதவில இருந்த சோலிஹ் 39. மூணாவது யாரு தெரியுமா, நஷீத் தன்னோட பழைய கட்சிய விட்டு பிரிஞ்சு ஆரம்பிச்ச புது கட்சியோட வேட்பாளர், 7 சதவீதம். 2008ல ரெண்டாவது நாற்காலி, 2013ல முதல் நாற்காலி, 2023ல தன் கட்சி ஆள் வழியா மூணாவது நாற்காலி, மூணுலயும் உக்காந்து பாத்த ஒரே ஆளு அவரு தான். ஆனா 7 சதவீதத்துக்கு, 2013ல காசிம் வச்சிருந்த 24 சதவீதத்தோட வெல கெடைக்காது. முயிசு செப்டம்பர் 30ல 54 சதவீதம் வாங்கி ஜெயிச்சாரு. முதலாவது வந்தவரு ஜெயிக்கவும் செய்வாரு, அத சொல்லாம விட்டா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிரும். 46க்கு மேல நாலு சதவீதம் தேட வேண்டிய ஆளுக்கு எதிர்ல 2013ல ஒரு காசிம் இருந்தாரு, 2023ல இல்ல.

அந்த தடவ நான் ஊருக்கு வந்து பல வருஷம் ஆச்சு, ஆனா தேர்தல் இங்கயும் வந்துச்சு. திருவனந்தபுரத்துல மாலத்தீவுக்காரங்களுக்கு வோட்டுப்பெட்டி வைப்பாங்க, வைத்தியத்துக்கும் படிக்கவும் வந்து மெடிக்கல் காலேஜ், குமாரபுரம் பக்கம் வாடகைக்கு இருக்குறவங்க நெறய பேரு. நான் கண் ஆஸ்பத்திரிக்கு போன அன்னைக்கு எனக்க பழைய மாணவன் ஒருத்தன பஸ் ஸ்டாப்ல பாத்தேன், தகப்பன் டயாலிசிஸுக்கு வந்திருக்கு. யாருக்குடே போட்டன்னு கேக்கல, அவனே கை ரெண்டையும் விரிச்சுட்டு "இந்தியாவ வெளிய போகச் சொல்றவனுக்கு இந்தியாவுல நின்னு போட்டேன் சார், கோவிச்சுக்காதீங்க"ன்னு சிரிச்சான். அவனுக்கு இந்தியான்னா, முயிசு வெளிய போகச் சொன்ன, அப்பம் மாலத்தீவுல நின்ன இந்திய ராணுவக்காரன், எனக்க ஆஸ்பத்திரியும் நானும் வேற. அப்படி பிரிச்சு தான் அங்க நெறய பேரு யோசிக்காங்க, நம்ம டிவில தான் ரெண்டும் ஒண்ணா வரும்.

இனி உங்க அக்கா விஷயம். அடுத்த ஜனாதிபதி தேர்தல் 2028ல. முதல் ரவுண்டுக்கும் ரெண்டாம் ரவுண்டுக்கும் நடுவுல தான் கவனமா இருக்கணும், தேர்தல் அன்னைக்கு இல்ல. மஞ்ச, ரோஸ், சிவப்பு சுரிதார் அந்த நாள்ல வேண்டாம், நான் ஒரு தடவ மஞ்ச சட்ட போட்டுட்டு ஸ்கூலுக்கு போய் ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு அனுப்பி மாத்திட்டு வரச் சொன்னாரு. ஃபோன்ல ஒருத்தனுக்கும் எந்த வேட்பாளர் படமும் ஃபார்வேர்ட் பண்ண வேண்டாம், வெளிநாட்டுக்காரி அரசியல்ல தலையிட்டான்னு பெர்மிட்டுல கை வைக்க அது போதும். மாலே போற வேல இருந்தா அந்த மூணு வாரத்துக்கு முன்னாடியே முடிச்சுக்கட்டும், ஏன்னா அவங்கவங்க தீவுல போய் வோட்டு போட ஆளுங்கள கட்சிக்காரன் படகு படகா ஏத்திட்டு போவான், தோணிலயும் ஸ்பீட் போட்டுலயும் சீட் கெடைக்காது. கூட வேல பாக்குற நர்ஸ் யாராவது எந்த கட்சி ஜெயிக்கும்னு கேட்டா "எனக்கு தெரியாது, ஊசி எங்க வச்சீங்க"ன்னு கேட்டா போதும்.